இரட்டை இருக்கைப் போர் விமானம் இருக்கும்போது ஹாக் எதற்கு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: சுகோய், ரஃபேல், தேஜஸ் எல்லாவற்றிலும் இரண்டு இருக்கை விமானங்கள் நம்மிடம் இருக்கின்றன. அப்புறம் ஒலியை முந்த முடியாத, சண்டைக்கும் போகாத ஹாக் பயிற்சி விமானத்தை 123 வாங்கியது எதற்கு? நேராகப் போர் விமானத்திலேயே பழக்கியிருந்தால் காசு மிச்சமாகியிருக்குமே? இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. பின்னால் ஓர் ஆசிரியரை உட்கார வைத்துவிட்டால் எந்த விமானமும் பயிற்சி விமானம் ஆகிவிடுமா என்பதுதான் அது. ஆகாது. அதற்கான காரணங்களை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமானி அல்ல. விமானப் படையில் 20 வருடம் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவன். தாம்பரத்தில் டிரேடு படித்தேன். சர்வீஸில் முதல் பாதி கிரண் விமானங்களோடும் மறுபாதி ஹாக் விமானங்களோடும் போனது. பறக்கும்போது உள்ளே எப்படி இருக்கும் என்று நான் சொல்வதெல்லாம், இறங்கி வந்த விமானிகள் ஏணிக்குக் கீழே நின்று சொல்லக் கேட்டது. விமானம் என்ன நிலையில் போனது, என்ன நிலையில் திரும்பி வந்தது என்பது மட்டும் என் கையால் தொட்டுப் பார்த்தது.

போர் விமானி ஆவது மாடிப்படி ஏறுவது மாதிரி. ஹைதராபாத் பக்கம் துண்டிகல்லில் முதல் படி, பிலாட்டஸ் பிசி-7. முன்னால் விசிறி சுழலும் டர்போபிராப் விமானம் அது. அடுத்து ஹக்கிம்பேட்டையில் கிரண். 1964இல் முதன்முதலாகப் பறந்த, நம் அரசு விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல் வடிவமைத்த ஜெட். மூன்றாவது படி கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கும் பீதரில், ஹாக். அதற்குப் பிறகுதான் உண்மையான போர் விமானம். ஒவ்வொரு படியிலும் வேகம் கூடும், நேரம் குறையும். முடிவெடுக்க நேற்று 10 நொடி கிடைத்தது என்றால் இன்று 4 நொடிதான் கிடைக்கும். படிகளுக்கு இடையே உயரம் சமமாக இருந்தால் சாதாரணப் பையனும் ஏறிவிடுவான். ஒரு படியை எடுத்துவிட்டால் அசாத்தியத் திறமை உள்ளவன்தான் தாண்டுவான், மற்றவர்கள் விழுவார்கள்.

நம் நாட்டில் அந்த மூன்றாவது படி பல வருடம் இல்லாமலே இருந்தது. கிரணிலும் போலந்தின் இஸ்க்ராவிலும் பழகிவிட்டு வந்த இளைஞர்கள் கொஞ்ச காலத்திலேயே மிக்-21இல் ஏறினார்கள். இதற்கென்றே அசாமின் தேஜ்பூரில் ஒரு பயிற்சிப் பிரிவு இருந்தது. மிக்-21 சின்ன இறக்கையும் பெரிய வேகமும் கொண்டது. உயரத்தில் வேகமாக ஏறி எதிரியை மறிப்பதற்காகச் செய்தது. அது தரையைத் தொடும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நொடிக்கு 83 மீட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் ஒரு தெருவே பின்னால் போய்விடும். ஹாக் இறங்குவது 200 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில். எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். முதல்முறை இறங்குகிறவனுக்கு அது உயிர் வித்தியாசம்.

மிக்-21இலும் இரட்டை இருக்கை இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, டைப் 69 என்று சொல்வோம். உங்கள் கேள்விக்கு அந்த விமானத்தைவிடத் தெளிவான பதில் இல்லை. ஒற்றை இருக்கைக்காகச் செய்த உடம்பில் இன்னொரு இருக்கையைப் பின்னால் நுழைத்தார்கள். அங்கே உட்கார்ந்த ஆசிரியருக்கு முன்னால் தெரிந்தது மாணவனின் இருக்கையும் தலையும்தான். ஓடுபாதையைப் பார்ப்பதற்காக நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பது மாதிரி ஒரு பெரிஸ்கோப்பை மேலே வைத்துக் கொடுத்தார்கள். மாணவன் தப்பு செய்யப் போகிறான் என்பதை அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்து, அந்த வேகத்தில் கையை நீட்டித் திருத்த வேண்டும். ஹாக்கில் பின் இருக்கையை நன்றாக உயர்த்தியே வைத்திருக்கிறார்கள். முன்னால் இருப்பவன் தலைக்கு மேலே ஆசிரியருக்கு ஓடுபாதை முழுசாகத் தெரியும். இந்த உயரம் தற்செயலாக வந்ததல்ல. அந்த விமானத்தை வரைய ஆரம்பித்த நாளிலேயே ஆசிரியரின் கண் எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

ஹாக் பிரிட்டனில் பிறந்தது. 1974 ஆகஸ்ட் 21இல் முதல் பறப்பு, 1976இல் ராயல் விமானப் படையில் சேர்ந்தது. அங்கே அது யாருடைய இடத்துக்கு வந்தது தெரியுமா? நாட் விமானத்தின் பயிற்சி வடிவத்தின் இடத்துக்கு. அதே நாட் விமானத்தைத்தான் நாம் போர் விமானமாக 1965இலும் 1971இலும் பறக்கவிட்டோம். பிரிட்டன் தேவை முடிந்து புதியதற்கு மாறிவிட்டது. நாம் 1982இல்தான் பிரச்சினையை எழுத்தில் வைத்தோம். விமானப் படையின் ஏர் மார்ஷல் லா ஃபோன்டெய்ன் தலைமையிலான குழு, நவீன ஜெட் பயிற்சி விமானம் ஒன்று தேவை என்று அப்போதே பரிந்துரைத்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2004 மார்ச்சில். பீதரில் முறைப்படி சேர்த்தது 2008 பிப்ரவரியில். நடுவே 26 வருடம். முதல் 66இல் 24 பிரிட்டனில் செய்து வந்தவை, மற்ற 42ஐ பெங்களூரில் எச்ஏஎல் செய்தது. 2010இல் இன்னும் 57 கேட்டார்கள், அதில் 17 கடற்படைக்கு. நீங்கள் சொன்ன 123 இப்படி வந்ததுதான்.

இந்த 26 வருடத் தாமதத்தால்தான் மிக்-21 விபத்துகளில் அத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். இங்கே நிச்சயமானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு படி இல்லை என்பது நிச்சயம். விமானப் படையே அதை ஒப்புக்கொண்டுதான் ஹாக் கேட்டது. எத்தனை விபத்து அதனால் மட்டும் நடந்தது என்பது அப்படி நிச்சயமாகச் சொல்லக்கூடிய விஷயமல்ல. ஒற்றை எஞ்சின், பழைய உடம்பு, பறவை மோதல், உதிரிபாகம், மனிதத் தவறு எல்லாம் கலந்த கணக்கு அது. ஒரே விபத்திலேயே இரண்டு மூன்று காரணம் பின்னிக் கிடக்கும். எஞ்சின் நின்றுபோனது இயந்திரக் கோளாறு. நின்றுபோன எஞ்சினோடு அடுத்த 20 நொடியில் என்ன செய்தான் என்பது பயிற்சி. இரண்டில் எதன் பெயரில் எழுதுவது? ஆகவே "ஹாக் இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிலர் பிழைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹாக்கில் அப்படி என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? கிரணில் ஆசிரியரும் மாணவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். மாணவனின் கை நடுங்குவது, கண் எந்த மீட்டரைப் பார்க்கிறது என்பது வரை ஆசிரியருக்குத் தெரியும். மாணவனுக்கும் தோளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷன் இருக்கும் தைரியம். ஹாக்கில் ஆசிரியர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறார். ஹெட்போனில் குரல் மட்டும்தான். முன்னால் பார்த்தால் வானமும் கண்ணாடியில் மிதக்கும் பச்சை எழுத்துகளும். நம்மிடம் இருக்கும் எம்கே 132 வகையில் எண்ணியல் திரைகளும், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலிலும் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கிலும் நிறைய பொத்தான்களும் உண்டு. கையை எடுக்காமல் எல்லாம் செய்யப் பழக வேண்டும். போர் விமானத்தின் காக்பிட் எப்படி இருக்குமோ அதே பழக்கம், கொஞ்சம் மெதுவான விமானத்தில்.

அடுத்தது உடம்பு. வேகமாகத் திரும்பும்போது 6 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 6 மடங்கு விசை, வந்தால் 70 கிலோ ஆள் 420 கிலோ ஆகிவிடுவான். ரத்தம் காலுக்கு இறங்கும், கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் ஜி-சூட் போட்டிருந்தாலும் மூச்சை அடக்கித் தசையை இறுக்கி ரத்தத்தை மேலே நிறுத்தத் தெரிய வேண்டும். அதே நேரத்தில் எதிரி விமானம் எங்கே என்று கழுத்தைத் திருப்பியும் பார்க்க வேண்டும். ஹாக் 8 ஜி வரை தாங்கும். இறங்கி வருகிற பையன்களின் ஓவரால் முதுகில் உப்புப் பூத்திருக்கும். ஏணியிலிருந்து இறங்கியதும் இரண்டு உள்ளங்கையையும் விமானமாக்கி, ஒன்று மற்றொன்றைத் துரத்துவது போலக் காட்டி, தனக்குத்தானே பேசிக்கொண்டே நடப்பார்கள்.

தாழ்வாகப் பறந்து வழி கண்டுபிடிப்பது இன்னொரு பாடம். இதற்குப் பொதுவாக வைக்கும் வேகம் 420 நாட், அதாவது மணிக்கு 420 கடல் மைல். ஏன் 420? நிமிடத்துக்கு 7 கடல் மைல் என்று மனக்கணக்குப் போடச் சுலபம். 7 மைல் என்றால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஒரு நிமிடம் தூங்கினால் தாம்பரத்தில் தூங்கி கூடுவாஞ்சேரியையும் தாண்டித்தான் கண் விழிப்போம். அப்புறம் அணியாகப் பறப்பது, குண்டு போடுவது, பீரங்கியால் தரை இலக்கைச் சுடுவது. ஹாக் சண்டைக்கே உதவாது என்று நீங்கள் நினைப்பது முழுக்கச் சரியல்ல. வயிற்றுக்குக் கீழே 30 மில்லிமீட்டர் துப்பாக்கி மாட்டலாம். இறக்கையில் குண்டும் ராக்கெட்டும் தொங்கும். மட்டமாகப் பறக்கும்போது ஒலியின் வேகத்துக்குள்தான் இருக்கும், மேலிருந்து சரிந்து பாய்ந்தால் தாண்டும்.

கிட்டே நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும் ஒரு விஷயம் சொல்கிறேன். ஹாக்கின் மேல்மூடிக் கண்ணாடியில் கருப்பாக வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடும். முதல்முறை பார்ப்பவர்கள் விரிசலோ என்று பயப்படுவார்கள். அது வெடிமருந்து அடைத்த மெல்லிய கயிறு. விமானி வெளியேற வளையத்தை இழுத்தால், இருக்கை கிளம்புவதற்கு முன்பே அந்தக் கயிறு வெடித்துக் கண்ணாடியை உடைத்துவிடும். மூடி கழன்று விழட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சித் தளத்தில் தப்புகள் நடப்பது பெரும்பாலும் தரைக்குப் பக்கத்தில்தான். அங்கே கால் நொடி மிச்சம் என்றாலும் மிச்சம்தான்.

தப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், தனியாக இறங்கிய ஒரு ஃபிளையிங் ஆஃபிஸர் கொஞ்சம் உயரத்திலேயே எஞ்சினைக் குறைத்துவிட்டார். விமானம் தொப்பென்று விழுந்து, துள்ளி, மறுபடி உட்கார்ந்தது. ஒரு டயர் போனது. விமானங்கள் நிற்கும் லைனுக்கு இழுத்து வந்து ஜாக்கில் ஏற்றி, அண்டர்கேரேஜ், அதாவது சக்கரக் கால்கள், பொருந்தும் இடங்களை விளக்கடித்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பார்த்தோம். விரிசல் இல்லை. ராத்திரி 11 மணிக்கு வேலை முடிந்தபோது அந்தப் பையன் ஹேங்கர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சாரி சார், உங்களுக்கு வேலை வைத்துவிட்டேன்" என்றார். அதிகாரி அவர், நான் சார்ஜென்ட். என்னை சார் என்று கூப்பிட வேண்டியதே இல்லை. இரண்டு நாள் கழித்து ஆசிரியரோடு மறுபடி போனார், பிறகு தனியாகவும் போனார். அதே தப்பை 300 கிலோமீட்டர் வேகத்தில் செய்திருந்தால் எங்களுக்கு அன்று ராத்திரி வேறு வேலை இருந்திருக்கும். பயிற்சி விமானத்தின் உடம்பைத் தப்பு தாங்கும்படி செய்கிறார்கள். அதே சமயம் தப்பை மறைத்தும்விடாது, துள்ளிக் காட்டிவிடும்.

மாணவன் தனியாகப் பறக்கும் முதல் சோலோவுக்கு விமானத்தைத் தயார் செய்யும்போது பின் இருக்கையின் பெல்ட்டுகளை எல்லாம் இழுத்து இறுக்கிக் கட்டுவோம். ஆள் இல்லாத இடத்தில் ஒரு பெல்ட் அவிழ்ந்து ஸ்டிக்கில் சிக்கினாலும் ஆபத்து. நான் ஒருமுறை கட்டிவிட்டு மறுபடி கை விட்டு அசைத்துப் பார்ப்பேன். பையன் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700இல் கையெழுத்துப் போடும்போது பார்ப்பேன், முந்தின நாளைவிட எழுத்து கொஞ்சம் பெரியதாக இருக்கும். 2016 ஜூனில் பணியில் சேர்ந்த நம் முதல் பெண் போர் விமானிகள் மூவரும், அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங், இந்த ஹாக் படியில் ஏறித்தான் போனார்கள். 2018 பிப்ரவரியில் அவனி தனியாக மிக்-21 பைசனை ஓட்டினார். கிரணிலிருந்து நேராகத் தாவ வேண்டியிருந்த காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வருடம் அவருக்குக் கிடைத்தது.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். சுகோய்-30 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் ஆஃப்டர்பர்னரில், அதாவது பின்பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து விசை கூட்டும்போது, தலா 12 டன்னுக்கு மேல் தள்ளும். ஹாக்கின் ஒற்றை அடோர் எஞ்சின் 2.7 டன்னை ஒட்டி. ஆஃப்டர்பர்னரே கிடையாது. தள்ளும் விசைக்கு ஏற்றபடிதான் எரிபொருளும் போகும். சுகோயின் உள் டேங்குகளில் 9 டன்னுக்கு மேல் பிடிக்கும், ஹாக்கில் 1.3 டன் அளவுக்குத்தான். எரிபொருளைவிடப் பெரிய செலவு ஒன்று வெளியே தெரியாது. ஒவ்வொரு போர் விமானத்தின் உடம்புக்கும் இத்தனை மணி நேரம்தான் ஆயுள் என்று கணக்கு உண்டு. ஒரு இளைஞன் இறங்கிப் பழகுவதற்காக அந்த மணி நேரத்தைச் செலவழித்தால், சண்டைக்குத் தேவையான நாளில் அது இருக்காது. ரஃபேல் 36இல் இரட்டை இருக்கை 8 மட்டும். 2021இல் ஒப்பந்தமான 83 தேஜஸ் தொகுதியில் 10. இவை ஏற்கெனவே போர் விமானி ஆகிவிட்டவருக்கு இந்தக் குறிப்பிட்ட விமானத்தை அறிமுகப்படுத்த வைத்திருப்பவை. கார் ஓட்டத் தெரிந்தவனுக்குப் புது வண்டியைக் காட்டுவது மாதிரி. கார் ஓட்டவே கற்றுக்கொடுப்பதற்கு அல்ல.

பராமரிக்கிறவன் கண்ணால் பார்த்தாலும் அதுதான். ஹாக்கின் முதுகில் ஒரு குட்டி டர்பைன் இருக்கிறது. பெரிய எஞ்சினைக் கிளப்புவது அதுதான், வெளியிலிருந்து பவர் டிராலி இழுத்து வர வேண்டியதில்லை. தினமும் பார்க்க வேண்டிய மூடிகள் பெரும்பாலும் தரையில் நின்றே கை எட்டும் உயரத்தில். காலையில் ஒருவன், பத்து மணிக்கு இன்னொருவன், மதியம் மூன்றாமவன் என்று ஒரே விமானம் திரும்பத் திரும்பப் போய் வர வேண்டும். பயிற்சித் தளம் நடப்பது இந்தச் சுழற்சியில்தான். இதே அடோர் குடும்பத்து எஞ்சின், ஆஃப்டர்பர்னரோடு, நம் ஜாகுவார் போர் விமானத்திலும் இருக்கிறது. அந்தப் பரிச்சயமும் நமக்கு உதவியது.

விமானப் படை இதை எவ்வளவு முக்கியமாக நினைக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. சென்னை மெரினாவில் விமானப் படையின் சூர்யகிரண் சாகச அணியைப் பார்த்திருப்பீர்கள், சிவப்பு வெள்ளை விமானங்கள். இப்போது அவை ஹாக். முன்பு கிரண். 2009இல் தொடக்கப் பயிற்சிக்கான தீபக் விமானங்களைப் பறக்க வேண்டாம் என்று நிறுத்தியபோது மாணவர்களுக்கு விமானம் போதவில்லை. 2011இல் சூர்யகிரணையே கலைத்து அந்த கிரண்களைப் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு பெயர் வாங்கிய அணி நான்கு வருடம் வானத்தில் இல்லை. ஹாக் வந்த பிறகுதான் மறுபடி உயிர் பெற்றது.

பயிற்சி விமானம் என்றால் செய்வது சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். நம்முடைய எச்ஜேடி-36 விமானம், கிரணுக்குப் பதிலாக வர வேண்டியது, 2003இல் முதலில் பறந்தது. அதைப் பல வருடம் கட்டிப்போட்டது ஸ்பின், அதாவது விமானம் வேகம் இழந்து பம்பரம் போலச் சுழன்று விழும் நிலை. போர் விமானத்தில் அந்த நிலைக்கே போகாதே என்று விமானியிடம் சொல்லிவிடலாம். பயிற்சி விமானத்தில் வேண்டுமென்றே சுழலவிட்டு மீட்டுக் காட்ட வேண்டும், மாணவன் தப்பாகக் கையாண்டாலும் மீள வேண்டும். இரண்டு பக்கமும் ஆறு சுற்றுச் சுழன்று மீண்டதாக எச்ஏஎல் அறிவித்தது 2022இல். வாலையே இடம் மாற்றிய பிறகு.

இனி சந்தேகமான பகுதி. சிமுலேட்டர் இருக்கிறதே, அது போதாதா? அவசரகால நடைமுறைகளுக்கும் பொத்தான்களுக்கும் அது அருமையானது, எத்தனை முறை வேண்டுமானாலும் செத்துப் பிழைக்கலாம். ஜி வராது, பயமும் வராது. எவ்வளவு பறப்பை சிமுலேட்டருக்கு மாற்றலாம் என்பதில் ஒவ்வொரு நாட்டு விமானப் படையும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது, முடிந்த வாதம் அல்ல. ஒலியை முந்தும் பயிற்சி விமானம்தான் வேண்டும் என்பாரும் உண்டு. அமெரிக்கர்கள் 1961இலிருந்து டி-38 என்ற அப்படிப்பட்ட விமானத்தில்தான் பழகுகிறார்கள். பிரிட்டன் ஹாக்கோடு நின்றது. இரண்டு நாட்டு விமானிகளும் நன்றாகத்தான் பறக்கிறார்கள். சுகோய் எல்லாமே இரட்டை இருக்கை என்பதால் நடுப்படி அவ்வளவு அவசியமில்லை என்ற உங்கள் வாதத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதற்கு எதிரான வாதம் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானம். அதில் இரட்டை இருக்கை வடிவமே கிடையாது. முதல் நாளே தனியாகத்தான் ஏற வேண்டும். அப்படிப்பட்ட விமானத்துக்குப் போகிறவன் எல்லாத் தப்பையும் முந்தைய படியிலேயே செய்து முடித்திருக்க வேண்டும். உலகம் போகும் திசை அது என்பதால் நடுப்படியின் வேலை கூடுமே தவிரக் குறையாது என்பது என் கருத்து.

ஹாக்குக்கு அடுத்து என்ன என்பதும் திறந்த கேள்விதான். 2023 பெங்களூர் விமானக் கண்காட்சியில் எச்ஏஎல் எச்எல்எஃப்டி-42 என்று ஒலியை முந்தும் பயிற்சி விமானத்தின் மாதிரியை வைத்தது. மாதிரிக்கும் லைனில் நிற்கும் விமானத்துக்கும் நடுவே எத்தனை வருடம் என்பதை 1982இலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அது வந்து நின்றால், நான் வேகத்தையோ ரேடாரையோ முதலில் கேட்க மாட்டேன். ஏணி போட்டு ஏறி, பின் இருக்கையில் உட்கார்ந்து, அங்கிருந்து ஓடுபாதை தெரிகிறதா என்று பார்ப்பேன்.